மகாராஜபுரத்துத் தயிரில் அமெரிக்க பான்கேக் புசுபுசுவென்று எழும்பும், தெரியுமா?

வத்திராயிருப்பைத் தாண்டித் தாணிப்பாறைக்குப் போகும் வழியில் இருக்கிறது மகாராஜபுரம். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறப் போகிறவர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். மேற்கே மலைத்தொடர், ஊரைச் சுற்றி நெல்லும் தென்னையும், தெற்கே பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூர், அதற்கும் தெற்கே ராஜபாளையம். சினிமாவில் அமெரிக்கக் குடும்பம் காலையில் தட்டில் அடுக்கி வைத்துச் சாப்பிடுமே, அந்தக் கனத்த பான்கேக்கை இந்த ஊர் அடுக்களை ஒன்றில் செய்ய என்னென்ன வேண்டும், தெரியுமா? மைதா, தயிர், பால், முட்டை, வெண்ணெய், சர்க்கரை, சோடா உப்பு, தோசைக்கல். அநேகமாக எல்லாம் வீட்டிலேயே இருப்பவை! கடையில் புதிதாக வாங்க வேண்டியது பேக்கிங் பவுடர் என்ற ஒரே ஒரு சின்ன டப்பா.

பிறகு ஏன் பல வீடுகளில் அது தடித்த மைதா தோசையாகவே வந்து நிற்கிறது? பொருளில் குறையில்லை. உள்ளே பிறக்கும் காற்றை நாமே அடித்து, அழுத்தி, நெடுநேரம் காக்க வைத்து வெளியேற்றிவிடுகிறோம். காற்றைப் பிறக்கவிட வேண்டும், பிறந்ததைத் தப்பவிடாமல் பிடிக்க வேண்டும். பான்கேக்கின் வித்தை முழுவதும் இவ்வளவுதான். இனிமேல் சொல்லப்போகும் அதிசயங்களில் முக்கால்வாசி இந்த ஒன்றைச் சுற்றித்தான் வரும்.

முதலில் மோர். தயிர் புளிப்பது அதில் உள்ள லாக்டிக் அமிலத்தால். சோடா உப்பு காரம். புளிப்பும் காரமும் சந்தித்த அந்த நொடியிலேயே கார்பன் டை ஆக்சைடு பிறக்கிறது! அடுப்பு வேண்டாம், நேரம் வேண்டாம், ஈஸ்ட் வேண்டாம். ஒரு கிண்ணம் புளித்த மோரில் ஒரு சிட்டிகை சோடா உப்பைப் போட்டுப் பாருங்கள். சுர்ரென்று நுரைத்து எழும். கிண்ணத்தில் விரயமாகும் இந்த நுரையை மாவுக்குள் அடைத்தால் பான்கேக். தோசைக்கல்லில் ஊற்றியதும் இன்னொரு சக்தியும் கூட்டுச் சேர்கிறது. மாவில் உள்ள தண்ணீர் ஆவியாகும்போது தன் அளவைப்போல் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். சோடா உப்பு போட்ட சின்னச் சின்னக் குமிழிகளுக்குள் இந்த ஆவி புகுந்து ஊதுவதால்தான் மாவு கண்ணெதிரே உயர்கிறது.

சோடா உப்பு காரம் என்பதற்குச் சாட்சி வேண்டுமா? அதே அடுக்களையில் மஞ்சள் தூள் டப்பா இருக்குமே. ஈரமான மஞ்சளில் துளி சோடா உப்பைத் தூவுங்கள், சிவந்துவிடும்! மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து ஆரத்தித் தட்டு சிவப்பதும் இதே வேதியியல்தான். சோடா உப்பு அளவுக்கு மிஞ்சினால், அதை அடக்கப் போதுமான புளிப்பு இல்லாமல், பான்கேக்கில் சோப்புச் சுவை தட்டும், ஆங்காங்கே மஞ்சள் திட்டும் விழும். ஒரு கப் மாவுக்குக் கால் டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம்.

அப்படியானால் பேக்கிங் பவுடர் எதற்கு? சோடா உப்பின் காற்று கலந்த உடனே பிறந்து, உடனே ஓடவும் ஆரம்பித்துவிடும். கடைசி பான்கேக்கை ஊற்றும்போது மாவு சோர்ந்திருக்கும். பேக்கிங் பவுடருக்குள் சோடா உப்பும், அதற்கு வேண்டிய அமில உப்பும், இரண்டையும் ஈரம் படாமல் காக்கும் சோள மாவும் ஒன்றாகவே இருக்கின்றன. இப்போது கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு தடவை வேலை செய்யும். ஈரம் பட்டதும் ஒரு தடவை, கல்லின் சூடு பட்டதும் இன்னொரு தடவை! அந்த இரண்டாம் எழுச்சிதான் கடைசிக் கரண்டி மாவையும் தூக்கி நிறுத்துகிறது.

இந்த டப்பாவின் பிறப்பில் ஓர் அன்புக் கதை இருக்கிறது, தெரியுமா? இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவர் மனைவிக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாது, ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. மனைவி சாப்பிட வேண்டும் என்பதற்காகவே முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடரை 1837-இல் உருவாக்கினார். ஈஸ்ட் இல்லாத ரொட்டிக்காக 1843-இல் பேக்கிங் பவுடரைச் செய்தார். நம் பழக்கலவைக்குள் போகும் கஸ்டர்டும் பான்கேக்குக்குள் போகும் பவுடரும் ஒரே வீட்டில், ஒரே பெண்ணுக்காகப் பிறந்தவை! அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபோர்ட் 1856-இல் பாஸ்பேட் உப்புக்குக் காப்புரிமை பெற்று, இன்றைய பேக்கிங் பவுடருக்கு வழி திறந்தார்.

அதற்கு முன்னால் அமெரிக்கப் பெண்கள் என்ன செய்தார்கள்? சாம்பல்! விறகுச் சாம்பலைக் கரைத்து, வடித்து, காய்ச்சி எடுத்த பொட்டாஷ் உப்பை மாவில் போட்டார்கள். 1796-இல் அமீலியா சிம்மன்ஸ் எழுதி வெளியான, அமெரிக்கர் ஒருவர் எழுதிய முதல் சமையல் புத்தகம் என்று சொல்லப்படும் நூலிலேயே அந்த உப்பு வந்துவிடுகிறது. அப்பளம் போடும் வீட்டில் அப்பளக் காரம் இருக்கிறதே, அதுவும் இந்தக் கார உப்புகளின் குடும்பம்தான். கடல் கடந்த இரண்டு அடுக்களைகள், ஒருவரை ஒருவர் அறியாமலே, மாவை இளக்க ஒரே வகை உப்பைக் கண்டுபிடித்திருக்கின்றன.

இப்போது விருதுநகருக்கு வருவோம். எண்ணெய்ப் புரோட்டா தெரியாதவர் இந்த மாவட்டத்தில் உண்டா? அதுவும் மைதா, பான்கேக்கும் மைதா. ஆனால் இரண்டுக்கும் கை நேர் எதிர் என்பது தெரியுமா? கோதுமையில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் உள்ளன. தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய இரண்டும் பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற வலையாகின்றன. புரோட்டா மாஸ்டர் மாவை அடித்து, பிசைந்து, எண்ணெயில் ஊறவைத்து, காற்றில் வீசி விரித்தாலும் கிழியாமல் நிற்கிறதே, அது இந்த வலையின் பலம். அந்தப் பலம் புரோட்டாவுக்கு உயிர். பான்கேக்குக்கோ அதுவே எமன். வலை இறுகினால் குமிழி விரிய முடியாது, கடித்தால் ரப்பர். மாஸ்டர் எவ்வளவு அடிக்கிறாரோ அவ்வளவு நீங்கள் அடிக்காமல் இருக்க வேண்டும்! மாவு நனைகிற அளவுக்குக் கரண்டியால் சில சுற்று, அவ்வளவே. உலர்ந்த மாவுத் திட்டு கண்ணில் படாவிட்டால் கரண்டியைக் கீழே வைத்துவிடலாம்.

கட்டி இருக்குமே என்று பதறாதீர்கள். கட்டி இருக்க வேண்டும்! கட்டி தட்டாமல் கரைக்கச் சொல்லித்தான் நமக்கு எல்லா மாவிலும் பழக்கிவிட்டிருக்கிறார்கள். கேழ்வரகுக் கூழுக்கும் கோதுமை தோசைக்கும் அது சரி. இங்கே மிளகு அளவுக் கட்டிகளை அப்படியே விடுங்கள். பத்து நிமிடம் மாவு சும்மா இருந்தால் அந்தக் கட்டிகளுக்குள் தானாக ஈரம் இறங்கும், இறுகிய குளூட்டனும் தளரும். மிச்சத்தைக் கல் பார்த்துக்கொள்ளும். பத்து நிமிடம் ஆனபின் மறுபடி ஒரு கலக்குக் கலக்கத் தோன்றும். கூடாது, அந்தக் கலக்கலில் போவது அத்தனையும் காற்று. பாத்திரத்தின் ஓரத்திலிருந்து அப்படியே மொண்டு ஊற்றுங்கள்.

சரி, அளவு. ஒரு கப் மைதா, அதாவது சுமார் 125 கிராம். ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் சோடா உப்பு, கால் டீஸ்பூன் தூள் உப்பு, இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை. இவற்றைச் சலித்து ஒன்றாக்குங்கள். இன்னொரு பாத்திரத்தில் அரை கப் கெட்டித் தயிரும் கால் கப் பாலும் விட்டுக் கலக்கி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, உருக்கி ஆறவைத்த வெண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன் சேருங்கள். ஈரத்தை உலர்ந்ததில் கொட்டி, மேலே சொன்னபடி சில சுற்று. பதம் இட்லி மாவுப் பதம். கரண்டியைத் தூக்கினால் மாவு தயங்கித் தயங்கி விழ வேண்டும், ஒழுகினால் நீர்த்துவிட்டது என்று அர்த்தம். நம் ஊரில் பலர் சறுக்குவது மோரில்தான். அமெரிக்கச் செய்முறைகள் மோர் என்று சொல்வது கரண்டியில் ஒட்டும் அளவு கெட்டியானது. நாம் குடிக்கும் மோரில் தண்ணீர்தான் அதிகம். அதை ஊற்றினால் மாவு கல்லில் பரந்து ஓடிவிடும், உயரம் போயே போய்விடும். அதனால்தான் தயிரும் பாலும்.

வெண்ணெய் சூடாக இருக்கும்போதே ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். குளிர்ந்த தயிரில் ஊற்றினால் வெண்ணெய் உறைந்து திட்டாகும். தயிரையும் முட்டையையும் அரைமணி முன்பே குளிர்பதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிடுவது நல்லது. பங்குனி, சித்திரை வெயிலில் கால் மணியே போதும்.

தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துச் சூடு பார்க்கிறோமே, அதற்குள் ஒரு ஜெர்மானிய மருத்துவரின் பெயர் ஒளிந்திருக்கிறது, தெரியுமா? யோகான் லைடன்ஃபிராஸ்ட். பழுக்கக் காய்ந்த இரும்பில் விழுந்த நீர்த்துளி ஏன் உடனே வற்றாமல் உருண்டு ஓடுகிறது என்று 1756-இலேயே எழுதிவைத்தார். கல் மிக அதிகமாகச் சூடேறினால், துளிக்கும் கல்லுக்கும் நடுவே ஆவி ஒரு திரையாகி, துளியைத் தாங்கிக்கொள்கிறது. பான்கேக்குக்கு அந்தச் சூடு ஆகாது. தெளித்த துளி சுரீரென்று ஓரிரு நொடியில் வற்றினால் சரியான சூடு. உருண்டு திரண்டு ஓடினால் தணலைக் குறைத்துச் சற்றுப் பொறுங்கள். தோசை மெல்லியது, பட்டென்று வெந்துவிடும். பான்கேக்கில் நடுவரை சூடு போய்ச் சேர வேண்டும். பெரிய சூட்டில் அடி கருகும், நடு பச்சை மாவாக நிற்கும். மிதமான தீயே போதும். கனத்த இரும்புக் கல் சூட்டை விடாமல் பிடித்துக்கொள்வதால், நான்ஸ்டிக்கைவிட அதற்கே என் ஓட்டு.

முதல் பான்கேக் மட்டும் எப்போதும் கோணல்மாணலாக வருவது உங்களுக்கு மட்டுமல்ல! ரஷ்யாவில் முதல் பான்கேக் கட்டிதட்டும் என்றே ஒரு பழமொழி இருக்கிறது. கல்லின் சூடு இன்னும் சீராகாததும், எண்ணெய் திட்டுத்திட்டாகத் தேங்கி நிற்பதும்தான் காரணம். கல்லில் எண்ணெய் விட்டு, துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு ஊற்றினால் நிறம் சீராக விழும். முதல் தோசைக்கு நம் வீடுகளில் வெங்காயத்தை வெட்டிக் கல்லில் தேய்ப்பதும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. இனிப்புப் பான்கேக்குக்கு வெங்காயம் மட்டும் வேண்டாம்.

கால் கப் மாவை ஒரே இடத்தில் ஊற்றுங்கள். தேய்க்கக் கூடாது! தோசை ஊற்றிப் பழகிய கை தானாகச் சுழலப் பார்க்கும், அதை அடக்க வேண்டும். சுமார் இரண்டு நிமிடத்தில் மேலே குமிழிகள் வரும். குமிழி வந்ததும் திருப்பலாமா? கூடாது. குமிழி உடைந்து, அந்த ஓட்டை மூடாமல் அப்படியே திறந்து நிற்க வேண்டும். உடைந்த ஓட்டை மறுபடி மூடிக்கொண்டால் மாவு இன்னும் நீராக இருக்கிறது. திறந்தே நின்றால் ஸ்டார்ச் வெந்து சுவர் கட்டிவிட்டது. ஓரத்தின் பளபளப்பும் மறைந்திருக்கும். அதுதான் தருணம். ஒரே ஒரு தடவை திருப்புங்கள். திருப்பியதும் இன்னும் கொஞ்சம் உயரும், பார்க்கவே ஆனந்தமாக இருக்கும்! அந்த நேரத்தில் தோசைத் திருப்பியால் அழுத்தினீர்களானால் இத்தனை நேரம் சேர்த்த காற்று அத்தனையும் ஒரு பெருமூச்சில் போய்விடும். ஒன்றரை நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

மேலே அந்தச் செம்பொன் நிறம் எங்கிருந்து வருகிறது, தெரியுமா? சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேரும்போது நடக்கும் வேதிவினை அது. லூயி காமில் மெய்யார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1912-இல் அதை விளக்கினார். பாலில் உள்ள சர்க்கரையும் பாலில் உள்ள புரதமும் சேர்ந்தாலே அது நடக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகடுப்பில் பால் சுண்டச் சுண்டப் பழுப்பேறி மணக்கிறதே, அதே வினை! 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பால்கோவாவின் நிறமும், அமெரிக்கத் தட்டில் இருக்கும் பான்கேக்கின் நிறமும் உடன்பிறப்புகள். சோடா உப்பின் காரத்தன்மை இந்த வினையை இன்னும் விரைவாக்கும். அதனால்தான் பேக்கிங் பவுடர் மட்டும் போட்டதைவிடச் சோடா உப்பும் சேர்ந்தது நன்றாகச் சிவக்கிறது. சுடச்சுட எடுத்த பான்கேக்கின் மேல் ஒரு கரண்டி பால்கோவாவை வைத்துப் பாருங்கள். இளகி வழியும். அமெரிக்கர்களுக்கு இந்தச் சுவை கிடைக்கவில்லையே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கனத்த அப்பம் நமக்குப் புதிதா? மதுரைக்கு வடக்கே அழகர்கோவிலில் பெருமாளுக்குப் படைக்கும் தோசையைப் பார்த்திருக்கிறீர்களா? பச்சரிசி, தோல் நீக்காத கறுப்பு உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய். கையில் எடுத்தால் கனக்கும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெது. அந்த அழகருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஒரு பாக்கிக் கணக்கே உண்டு, தெரியுமா? திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு அண்டா வெண்ணெயும் நூறு அண்டா அக்காரவடிசிலும் படைப்பதாக ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொண்டாள். சில நூற்றாண்டுகள் கழித்து அந்த நேர்த்தியை இராமானுசர் நிறைவேற்றினார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அவர் வந்தபோது, ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்து வரவேற்றாள் என்கிறது வைணவ மரபு. இன்றும் மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லிக்கு அக்காரவடிசில் மணக்கிறது. நெய்யும் பாலும் வெல்லமும் இந்த வட்டாரத்துக்கு எத்தனை பழைய சொத்து பாருங்கள்!

இன்னும் பின்னால் போகலாம். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடிய மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, நள்ளிரவில் அப்ப வணிகர்கள் தூங்கி வழிந்துகொண்டிருக்கும் மதுரைத் தெருவைக் காட்டுகிறது. அங்கே விற்ற மெல்லிய அடை எதைப் போல இருந்ததாம்? தேனடையைப் போல! ஓட்டை ஓட்டையாக, மெத்தென்று இருந்த ஓர் அடை சங்க காலத்து மதுரையில் கடைப்பொருளாக விற்றிருக்கிறது. சோடா உப்பும் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை. கிரேக்கர்களும் அதே பழங்காலத்தில் வாணலியில் மாவை ஊற்றித் தேனோடு தின்றிருக்கிறார்கள்.

சோடா உப்பில்லாமல் நம் இட்லி எப்படி உப்புகிறது? மாவில் தானாகப் பெருகும் லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா காற்றை உண்டாக்குகிறது. அந்தக் காற்றைத் தப்பவிடாமல் பிடிப்பது உளுந்தின் புரதமும் வழுவழுப்பும். அதனால்தான் உளுந்தை மட்டும் காற்றேறப் பொங்கப் பொங்க ஆட்டுகிறோம். கோதுமையில் குளூட்டன் பார்க்கும் வேலையை அரிசி மாவில் உளுந்து பார்க்கிறது. ஆட்டுக்கல்லில் உளுந்தை எத்தனை ஆட்டினாலும் நல்லது, மைதாவை எத்தனை குறைவாகக் கலக்கினாலும் நல்லது. இரண்டும் ஒரே நோக்கத்துக்கு.

உலகத்தில் இதன் உறவுகளைத் தேடினால் தலை சுற்றும். நெதர்லாந்தில் பாஃபர்ச்சஸ் என்று ஒரு பலகாரம், டென்மார்க்கில் ஏபிள்ஸ்கீவர் என்று ஒன்று. இரண்டும் மாவை ஊற்றிச் சுடும் சட்டியைப் பார்த்தால் அசந்துவிடுவீர்கள், நம் குழிப்பணியாரச் சட்டியேதான்! மொராக்கோவில் ரவையில் செய்யும் பக்ரீர் என்ற பான்கேக்கை ஆயிரம் ஓட்டைக்காரி என்று அழைக்கிறார்கள். அதை ஒரு பக்கம் மட்டுமே சுடுவார்கள், ஆப்பத்தைப் போலவே. இலங்கையில் கள் ஊற்றி ஆப்ப மாவைப் புளிக்கவைக்கும் வழக்கம் உண்டு. பினாங்கில் வாழும் நம் ஆட்களைக் கேட்டால் ஆப்பம் பாலிக் பற்றிச் சொல்வார்கள். கனத்த வார்ப்புச் சட்டியில் ஊற்றி, வறுத்த வேர்க்கடலைத் தூளும் சர்க்கரையும் தூவி, இரண்டாக மடித்துத் தருவார்கள். ஜப்பானியர்கள் ஒரு படி மேலே போய், முட்டை வெள்ளைக்கருவைத் தனியே அடித்து நுரையாக்கி மாவில் சேர்க்கிறார்கள். அது தட்டில் ஆடி அசையும். உயரம் போதாதவர்களுக்கு 1994-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் சுட்ட உலகின் மிகப் பெரிய பான்கேக்கைச் சொல்லலாம். 15 மீட்டர் அகலம், 3 டன் எடை! தடிமன் என்னவோ ஓர் அங்குலம்தான்.

இப்போது நம் பக்கத்துக்கும் பான்கேக்குக்கும் உள்ள இன்னொரு முடிச்சு. கரைத்துச் சுட்டால் போதும் என்ற தயார் பான்கேக் மாவு 1889-இல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் பிறந்தது. அதை விளம்பரப்படுத்த 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் நான்சி கிரீன் என்ற கறுப்பினப் பெண்ணை நிறுத்தினார்கள். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். அவர் சுட்டுத் தந்த பான்கேக்குக்கு அப்படியொரு கூட்டம். அதே கண்காட்சியை ஒட்டி, அதே 1893-இல், அதே சிகாகோவில்தான் சர்வசமயப் பேரவையும் கூடியது. அங்கே பேசினார் விவேகானந்தர்! அவரை அந்தப் பயணத்துக்கு ஊக்கியவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் 1985-இல் புது மாவட்டம் பிரியும்வரை அந்த ராமநாதபுரத்தின் பெயர் தாங்கிய மாவட்டத்தில்தான் இருந்தன.

நான்சி கிரீனின் முடிவைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. அவர் ஏற்று நடித்த ஆன்ட் ஜெமைமா என்ற பாத்திரத்தின் படம் நூறாண்டுக்கு மேல் மாவுப் பெட்டிகளில் சிரித்தது. 1923-இல் அவர் இறந்தபோது கல்லறைக்கு ஒரு பெயர்க்கல்கூட வைக்கப்படவில்லை. 2020-இல்தான் வைத்தார்கள். அடிமைக் காலத்தின் நிழல் படிந்த அந்தப் பெயரும் படமும் 2021-க்குள் பெட்டியிலிருந்தே நீக்கப்பட்டன. இந்தப் பலகாரத்தை உலகுக்குக் கொண்டுசேர்த்த கைகளில் அவர் கை முதன்மையானது. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தயார் மாவு நம் வீட்டுக்கு வேண்டுமா? வேண்டவே வேண்டாம். மைதா, பேக்கிங் பவுடர், சோடா உப்பு, சர்க்கரை, உப்பு இவற்றைச் சலித்து ஈரமில்லாத டப்பாவில் போட்டால் அதுவே தயார் மாவு. காசும் மிச்சம்.

பான்கேக் மேல் வழியும் மேப்பிள் பாகு ஏன் அவ்வளவு விலை, தெரியுமா? மேப்பிள் மரத்திலிருந்து வடியும் நீரில் இனிப்பு வெறும் இரண்டு விழுக்காட்டை ஒட்டித்தான். சுமார் 40 லிட்டரைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு! உலக விளைச்சலில் பெரும்பகுதி கனடாவின் கியூபெக் மாநிலத்தில் கிடைக்கிறது. அங்கே பாகுக்குச் சேமிப்புக் கிடங்கே வைத்திருக்கிறார்கள். 2011, 2012 ஆண்டுகளில் அந்தக் கிடங்கிலிருந்து சுமார் 3,000 டன் பாகைத் திருடிவிட்டார்கள் என்றால் அதன் மதிப்பை எண்ணிப் பாருங்கள். நம் மாநில மரமான பனையின் பதநீரில் இனிப்பு அதைவிடப் பல மடங்கு. கருப்பட்டியை இடித்து அரை கப்பும் கால் கப் தண்ணீரும் கொதிக்கவைத்து, மண் போக வடிகட்டி, கரண்டியின் முதுகில் படியும் பதம்வரை மறுபடி காய்ச்சுங்கள். ஒரு சிட்டிகை சுக்குத் தூள். புகைவாசமும் லேசான கசப்பும் சேர்ந்த அந்தப் பாகு, உப்பு வெண்ணெய் தடவிய பான்கேக்கில் இறங்கும்போது மேப்பிளை மறந்துவிடுவீர்கள். கோடையானால் ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழத்தை நறுக்கிப் பக்கத்தில் வையுங்கள். இந்த இரண்டையும் மேப்பிளுக்கு மேலே வைக்கிறேன், தயக்கமே இல்லை.

முட்டை சாப்பிடாத வீடா? கவலை வேண்டாம். முட்டை தரும் பிடிப்புக்குப் பதிலாகத் தயிரை இரண்டு டேபிள்ஸ்பூன் கூட்டி, பேக்கிங் பவுடரை அரை டீஸ்பூன் கூட்டுங்கள். உயரம் ஒரு பிடி குறையும், மெதுமை குறையாது. திருப்பும்போது மட்டும் இன்னும் பதமாகக் கை வையுங்கள். பாதி மைதாவுக்குப் பதில் கோதுமை மாவும் போடலாம். தவிடு ஈரத்தை இழுக்கும் என்பதால் பால் ஒரு கை கூடுதலாக வேண்டும். முழுக்கக் கோதுமை மாவென்றால் சற்றுக் கனமாகத்தான் வரும், அந்தச் சுவையை விரும்புகிறவர்கள் செய்யலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தோசை மாவை மறுநாளுக்கு வைத்தால் புளித்து இன்னும் பொங்கும், ஏனென்றால் அதில் உயிர்கள் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. பான்கேக் மாவில் இருப்பது ஒரு தடவை நடந்து முடியும் வேதிவினை. மிஞ்சியதை எடுத்து வைத்தால் மறுநாள் தட்டைதான். கரைத்த மாவை அன்றே சுட்டுவிடுங்கள். பேக்கிங் பவுடர் டப்பாவைத் திறந்து பல மாதம் ஆகியிருந்தால், கால் டம்ளர் வெந்நீரில் அரை டீஸ்பூன் போட்டுப் பாருங்கள். சுறுசுறுவென்று நுரைத்தால் நல்லது, சும்மா கிடந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புது டப்பா வாங்கிய பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள்.